திருமணத்தை ஓட்டுக்கு விடலாமா?

குடும்பங்களுக்கு ஞானோபதேசப் பாடம்





சில வாரங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது நம் வாலிபர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாமி, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கலியாணம் செய்துகொள்ளலாமா என்று பல தேசங்களில் ஜனங்களிடமே ஓட்டு எடுக்கிறார்களாமே. நம் நாட்டிலும் அப்படி வந்தால் நாம் எப்படிப் போடுவது?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்துத் தள்ளும் கேள்வி அல்ல.

அதைக் கேட்டதும் எனக்கு வேறொரு கேள்வி ஞாபகம் வந்தது. பல வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில், ஒரு தாயார் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதுகொண்டே கேட்டார்: "சாமி, என் மகனுக்குப் பெண் மேல் நாட்டமில்லையாம். அவனே சொல்லிவிட்டான். இனி இந்த வாசல்படி மிதிக்காதே என்று அவன் அப்பா துரத்திவிட்டார். கிறிஸ்துமஸுக்காவது அவனை வீட்டுக்குக் கூப்பிடலாமா?" அவர் யார், எந்த ஊர் என்று யாரும் தேட வேண்டாம்.

முதல் கேள்வி வாசலில் நின்று எல்லோரும் கேட்கக் கேட்டது. இரண்டாவது கதவுக்குப் பின்னால் கேட்டது. இந்த இரண்டுக்கும் விடை தேடுவதே இவ்வாரப் பாடம்.

1. நம் தேசத்தில் நடந்தது என்ன?

முதலாவது, ஒரு சட்டத்தை ஜனங்கள் நேரே ஓட்டுப்போட்டு முடிவு செய்வதற்கு நம் அரசியல் சாசனத்தில் ஏற்பாடு இல்லை. ஒரு பிரதேசம் எதனோடு சேருவது என்ற விஷயத்தில் மட்டும் சில தடவை அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள். நமக்கு அடுத்துள்ள புதுச்சேரியில், 1954-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் கூடாது என்றார்கள். கோவா மகாராஷ்டிரத்தோடு சேருவதா, தனித்திருப்பதா என்று 1967-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி அங்குள்ள ஜனங்களைக் கேட்டார்கள். தனித்திருப்பது என்று முடிவாயிற்று. விவாகச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இப்படி ஓட்டுக்கு வந்ததில்லை.

ஆகையால் இங்கே இந்த விஷயம் கோர்ட்டு வழியாகவே வந்தது. வெள்ளைக்காரர் காலத்து 1860-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, இப்படிப்பட்டவர்களைக் குற்றவாளிகளாக வைத்திருந்தது. 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் இருப்பது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. அதன்பின், 1954-ம் ஆண்டின் விசேஷ விவாகச் சட்டப்படி தங்கள் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2023-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி தொடங்கி பத்து நாள் விசாரணை நடந்தது. அக்டோபர் 17-ந் தேதி தீர்ப்பு வந்தது.

திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல, சட்டத்தை மாற்றும் வேலை சட்டசபைகளுக்கே உரியது என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். திருமணம் என்ற பெயரில்லாமல் அவர்கள் சேர்ந்து வாழ்வதற்காவது சட்ட அங்கீகாரம் தர வேண்டுமா என்பதில் இருவர் வேண்டும் என்றும் மூவர் முடியாது என்றும் பிரிந்தார்கள். தீர்ப்பை மறுபடி பார்க்கக் கேட்ட மனுக்கள் 2025-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி தள்ளப்பட்டன.

இதன் பொருள் என்ன? விஷயம் இப்போது பார்லிமெண்டின் வாசலில் இருக்கிறது. பார்லிமெண்டுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் நாம். ஆகவே நேரடி ஓட்டு இல்லாவிட்டாலும், நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நாம் சொல்வதற்கில்லை.

இன்னொன்றும் கவனிக்க. 2024-ம் ஆண்டு செப்டம்பரில் மத்திய சர்க்கார், ஒரே வீட்டில் வாழும் இத்தகைய இருவரை ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், கூட்டு வங்கிக் கணக்கு வைக்கவும் தடையில்லை என்று அறிவித்தது. 2021-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி நம் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வீட்டை விட்டு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், இவர்களைப் போலீசார் தொந்தரவு செய்யக்கூடாது, வைத்தியம் என்ற பெயரில் இவர்களை மாற்ற முயலக்கூடாது என்று உத்தரவிட்டார். அதற்கு முன்பு அவர், இந்த விஷயத்தில் தமக்குப் போதிய அறிவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு மனோதத்துவ நிபுணரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஹைகோர்ட்டு நீதிபதிக்கு இருந்த இந்தத் தாழ்ச்சி நமக்கும் இருந்தால் நல்லது.

2. ஓட்டுக்கு விட்ட தேசங்கள்

அயர்லாந்து தேசத்தை நாம் மறக்க முடியாது. 1842-ம் ஆண்டிலேயே சென்னைக்கு வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்த பிரசன்டேஷன் கன்னியர் அங்கிருந்து வந்தவர்களே. அந்தக் கத்தோலிக்க தேசத்தில் 2015-ம் ஆண்டு மே 22-ந் தேதி இந்தக் கேள்வியை ஜனங்களிடம் விட்டார்கள். மேற்றிராணிமார் வேண்டாம் என்று எழுதினார்கள். 100-க்கு 62 பேர் வேண்டும் என்று போட்டார்கள். 43 தொகுதிகளில் ஒரே ஒரு தொகுதிதான் வேண்டாம் என்றது.

ஜனங்கள் மேய்ப்பர்களின் சொல்லை ஏன் கேட்கவில்லை? காரணம் பல இருக்கலாம். ஆனால் ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. 2009-ம் ஆண்டில் வெளிவந்த இரண்டு விசாரணை அறிக்கைகள், திருச்சபையின் விடுதிகளிலும் டப்ளின் மேற்றிராசனத்திலும் சிறுபிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகளையும், பெரியவர்கள் அதை மூடி மறைத்ததையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. பிள்ளைகளைக் காக்கத் தவறிய வீட்டில் தகப்பன் குடும்ப ஒழுக்கம் பேசினால் யார் கேட்பார்கள்? நம் போதனை அங்கே தோற்றதற்கு முன்பே நம் நடத்தை தோற்றிருந்தது.

அந்த ஓட்டின் அரசியல் பலன்களையும் பாருங்கள். அந்தப் பிரசாரத்தில் முன்நின்ற மந்திரி லியோ வராத்கர், மும்பையில் பிறந்த ஒரு டாக்டரின் மகன். தாமும் அத்தகையவரே என்று அதே ஆண்டு பகிரங்கமாகச் சொன்னவர். 2017-ம் ஆண்டு அவர் பிரதம மந்திரியானார். 2018-ம் ஆண்டு மே மாதம் கருச்சிதைவுத் தடையை நீக்கவும் ஜனங்கள் ஓட்டுப்போட்டார்கள். இனி எல்லாம் ஒரே பக்கம்தான் ஓடும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் 2024-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி, சாசனத்தில் குடும்பம் என்ற சொல்லின் பொருளை விரிக்கலாமா என்று கேட்டபோது, அதே ஜனங்கள் 100-க்கு 67 பேருக்கு மேல் முடியாது என்றார்கள். சில நாட்களில் வராத்கர் பதவி விலகுவதாக அறிவித்தார்.

ஆஸ்திரேலியாவில் 2017-ம் ஆண்டு தபால் மூலம் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டார்கள். 100-க்கு 61 பேருக்கு மேல் வேண்டும் என்றார்கள், டிசம்பரில் சட்டமாயிற்று. ஆனால் 150 தொகுதிகளில் 17 வேண்டாம் என்றன. அவற்றில் 12 சிட்னி நகரத்தைச் சேர்ந்தவை, அவற்றுள் பலவற்றில் வெளிதேசங்களிலிருந்து குடியேறியவர்கள் மிகுதி. இதன் பிறகு மத சுதந்திரத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற வாதம் எழுந்து, அதற்கான மசோதா 2022-ம் ஆண்டு கீழ்ச்சபையில் தேறியும் கைவிடப்பட்டது. ஓட்டு எண்ணி முடிந்தது, சண்டை முடியவில்லை.

மறுபக்கமும் நடந்திருக்கிறது. குரோவாசியாவில் 2013-ம் ஆண்டு மூன்றில் இரண்டு பங்கினர், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்குமே என்று சாசனத்தில் எழுதச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே பார்லிமெண்டு வேறு பெயரில் அங்கீகாரச் சட்டம் செய்தது. ஸ்லொவேனியாவில் 2015-ம் ஆண்டு ஜனங்கள் தள்ளியதை 2022-ம் ஆண்டு கோர்ட்டு கொண்டுவந்தது. தைவானில் 2018-ம் ஆண்டு 100-க்கு 70-க்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்று போட்டார்கள். ஆனால் அதற்கு முன்பே கோர்ட்டு தீர்ப்பளித்திருந்தபடியால் 2019-ம் ஆண்டு தனிச் சட்டம் வந்தது.

ஆகவே ஓட்டு ஒரு நாள் ஒன்றைச் சொல்கிறது, மறுநாள் வேறொன்றைச் சொல்கிறது. ஜெயித்தவர்கள் கொண்டாடுகிறார்கள், தோற்றவர்கள் மனக்கசப்போடு வீடு போகிறார்கள். யாருடைய வீட்டில் அப்படிப்பட்ட பிள்ளை இருக்கிறதோ, அந்த வீட்டார் மட்டும், தங்கள் பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் மாதக்கணக்கில் மேடை போட்டுப் பேசியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

3. ஓட்டினால் ஆவதும் ஆகாததும்

சுவிசேஷத்திலும் ஓர் ஓட்டு உண்டு. பிலாத்து நம் ஆண்டவரைக் குற்றமற்றவர் என்று அறிந்திருந்தும், தீர்ப்புச் சொல்ல அஞ்சி, பரபாஸையும் அவரையும் முன்னே நிறுத்தி யார் வேண்டும் என்று கூட்டத்தைக் கேட்டான். கூட்டம் பரபாஸ் என்றது. ஓட்டுக் கணக்கில் தவறில்லை. ஆயினும் பரபாஸ் நீதிமானாகிவிடவில்லை; சேசுநாதர் குற்றவாளியாகிவிடவுமில்லை.

இதனால் ஓட்டு கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓட்டுப்போடுவது கத்தோலிக்கருக்குக் கடமை. வரி, ரோடு, தண்ணீர், பள்ளிக்கூடம் இவற்றையெல்லாம் ஓட்டினால்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஓட்டுக்கு எட்டாத காரியங்கள் இரண்டு உண்டு.

ஒன்று, திருமணத்தின் உண்மை. பரிசேயர் விவாகத்தைப் பற்றிக் கேட்டபோது நம் ஆண்டவர், சர்வேசுரன் ஆதியில் மனுஷரை ஆணும் பெண்ணுமாக உண்டாக்கியதை எடுத்துக்காட்டி, அந்த ஆதி ஏற்பாட்டையே அளவுகோலாக வைத்தார். ஆண் பெண் இருவர் ஆயுள்பரியந்தம் ஒன்றாகி, சர்வேசுரன் தரும் பிள்ளைகளை ஏற்று வளர்ப்பதே மெய்விவாகம் என்ற தேவதிரவிய அனுமானம். இதைத் திருச்சபை உண்டாக்கவில்லை; ஆகவே மாற்றவும் அதற்கு அதிகாரமில்லை. 100-க்கு 100 பேர் ஓட்டுப்போட்டாலும் மாறாது. வேறுவிதச் சேர்க்கைக்குத் திருமணம் என்ற பெயரைச் சட்டம் கொடுப்பதைக் கத்தோலிக்கர் ஆதரிக்கக்கூடாது என்று 2003-ம் ஆண்டு ரோமாபுரி தெளிவாக அறிவித்தது.

இரண்டாவது, ஒவ்வொரு ஆத்துமத்தின் மேன்மை. 1992-ம் ஆண்டின் திருச்சபை ஞானோபதேசம், இந்த நாட்டமுடையோரும் மற்ற எல்லோரையும் போலக் கற்புக்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்கிறது. அதே இடத்தில், அவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் நுட்பமான கரிசனத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கும் எந்த அடையாளமும் கூடாது என்றும் சொல்கிறது. 2008-ம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாட்டுச் சபையில் பரிசுத்த ஸ்தானத்தின் பிரதிநிதி, இவர்களைக் குற்றவாளிகளாகத் தண்டிக்கும் சட்டங்களை தேசங்கள் நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நம் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புக்கு ஏறக்குறைய பத்து வருஷம் முந்தியது இது.

முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விடுகிறவன் பரிசேயன் ஆகிறான். இரண்டாவதை மட்டும் பிடித்து முதலாவதை விடுகிறவன் உப்பில்லாத உப்பாகிறான். நம் ஆண்டவர் விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயைக் கல்லெறிய வந்த கூட்டத்திலிருந்து காப்பாற்றினார். அதன்பின்தான் இனிப் பாவம் செய்யாதே என்றார். அந்த ஒழுங்கைக் கவனியுங்கள்.

4. நம் மாவட்டம் கற்ற பாடம்

"இதெல்லாம் பரதேச சமாசாரம்" என்று சிலர் சொல்லலாம். கலியாணமும் அரசியலும் கலந்தால் என்ன ஆகும் என்று நம் தர்மபுரிக்குத் தெரியாதா?

2012-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, சாதி விட்டுச் சாதி நடந்த ஒரே ஒரு திருமணத்தின் காரணமாக, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் 250-க்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அதற்கு முன்பே பெண்ணின் தகப்பனார் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் அந்த வாலிபர் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். கலப்புக் கலியாணத்துக்கு விரோதமான பேச்சு தமிழ்நாடெங்கும் அரசியல் மேடை ஏறியது.

அன்று அந்தக் கிராமங்களில் ஓட்டு எடுத்திருந்தால் முடிவு என்னவாயிருக்கும்? அந்தத் திருமணம் கூடாது என்றே பெரும்பான்மை வந்திருக்கும். அதனால் அது நியாயமாகிவிடுமா? 2018-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்த இருவர் சம்மதித்துச் செய்யும் விவாகத்தில் குறுக்கிட ஊர்க்கூட்டத்துக்கு உரிமையில்லை என்று தீர்ப்புக் கூறியது.

அந்த விவாகமும் நாம் பேசும் விஷயமும் ஒன்றல்ல. சாதி பார்ப்பது பாவம்; ஆண் பெண் என்பதோ சர்வேசுரனின் ஏற்பாடு. ஆனால் கூட்டம் கூடித் தங்களுக்குப் பிடிக்காத ஒரு சிறு தொகையினர் மேல் பாயும் விதம் இரண்டிலும் ஒன்றே. அந்தக் கூட்டத்தில் கத்தோலிக்கன் நிற்கக்கூடாது.

அன்றியும், நாமே சிறு தொகையினர். 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 100-க்கு 2 பேருக்குச் சற்று மேல்தான் கிறிஸ்தவர்கள். நம் விவாகங்களுக்கு 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் காவலாயிருக்கிறது. உத்தராகண்ட் மாநிலத்தில் எல்லா மதத்தினரின் விவாகத்துக்கும் ஒரே சட்டம் 2025-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி அமலுக்கு வந்துவிட்டது. பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு. பெரும்பான்மை எதைச் சொன்னாலும் அதுவே சரி என்று இன்று மற்றவர்கள் விஷயத்தில் கைதட்டினால், நாளை நம் விஷயத்தில் எந்த வாயால் நியாயம் கேட்போம்?

5. கேள்வியும் விடையும்

கேள்வி: சர்க்கார் சட்டம் ஒன்றைத் திருமணம் என்று சொன்னால், அது கோவிலிலும் திருமணமாகுமா?

விடை: ஆகாது. சர்க்கார் பதிவும் தேவதிரவிய அனுமானமும் வேறு வேறு. இப்போதே அப்படித்தான். சபைக் கோர்ட்டு ஒரு விவாகம் செல்லாது என்று தீர்த்தாலும் சர்க்கார் கோர்ட்டின் தீர்ப்பு இல்லாமல் சட்டப்படி மறுமணம் செல்லாது என்று 1996-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறியுள்ளது.

கேள்வி: பாப்பரசர் இவர்களை ஆசீர்வதிக்க உத்தரவு கொடுத்துவிட்டார் என்கிறார்களே?

விடை: 2023-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி, பாப்பரசர் பிரான்சிஸ் காலத்தில் வந்த அறிக்கை, உதவி கேட்டு வருகிறவர்கள்மேல் குருவானவர் சடங்கில்லாமல் சுருக்கமாக ஜெபித்து ஆசீர்வதிக்கலாம் என்றது. அது விவாகம் அல்ல, விவாகம் போலத் தோன்றவும் கூடாது என்று அதிலேயே இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் ஓட்டு வந்தால் எப்படிப் போடுவது?

விடை: திருமணத்தின் பொருளை மாற்றும் காரியத்துக்குக் கத்தோலிக்க மனச்சாட்சி சம்மதம் கொடுக்க முடியாது. இவர்களைச் சிறையில் தள்ளவோ, வேலையிலிருந்து நீக்கவோ, அவமானப்படுத்தவோ செய்யும் காரியத்துக்கும் சம்மதம் கொடுக்க முடியாது. இவர்கள் மேலுள்ள வெறுப்பை ஏணியாக்கிப் பதவிக்கு ஏறுகிறவனுக்கு, அவன் நம் போதனையையே பேசினாலும், ஏமாற வேண்டாம். அவன் தேடுவது திருமணத்தின் மேன்மையை அல்ல, நம் ஓட்டை.

கேள்வி: திருமணத்தின் மேன்மையை நாம் எப்படிக் காப்பது?

விடை: நம் வீட்டில். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன், வரதட்சிணைக்குப் பேரம் பேசுபவன், பதினெட்டு நிரம்பாத பெண்ணைக் கட்டிக்கொடுப்பவன், பெண் சிசு வேண்டாம் என்பவன், இவர்கள் நம் மாவட்டத்தில் மெய்விவாகத்துக்குச் செய்திருக்கும் சேதத்தை எந்த தேசத்து ஓட்டும் செய்யவில்லை.

6. அந்தத் தாயாருக்கு விடை

கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட அந்தத் தாயாருக்கு நான் அன்று என்ன சொன்னேன்? திருச்சபையின் போதனையைச் சொன்னேன். சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் போதனையைக் கேட்கவில்லை. மகனைக் கூப்பிடலாமா என்றுதான் கேட்டார். அதற்கு நான் விடை சொல்லவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று எனக்கும் பயம். பிலாத்துவைப் போல நானும் கூட்டத்தைப் பார்த்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதற்காக ஆண்டவரிடமும் அந்தத் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று சொல்கிறேன்: அம்மா, கூப்பிடுங்கள். சாப்பாடு போடுங்கள். அவன் பாவம் செய்தானா இல்லையா என்பது அவனுக்கும் சர்வேசுரனுக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கும் உள்ள காரியம். அவன் உங்கள் மகன் என்பது ஞானஸ்நானத் தொட்டியில் எழுதப்பட்டது. அதை ஊர் ஓட்டுப்போட்டு அழிக்க முடியாது. ஐயா, நீங்களும் வாசலுக்கு வந்து நில்லுங்கள். உவமையில் வரும் தகப்பன், மகன் தூரத்தில் வரும்போதே ஓடினான்.

இவ்வாரத் தீர்மானம்: இப்படிப்பட்டவர்களைக் குறித்துக் கேலி வார்த்தை ஒன்றும் நம் வீட்டில் பேசமாட்டோம்; பிள்ளைகள் பேசினால் அமைதியாகத் திருத்துவோம். கணவனும் மனைவியும் ஒரு நாளாவது சேர்ந்து ஜெபமாலை சொல்லுவோம்.

குடும்ப ஜெபத்தில்: வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்காகவும், துரத்திவிட்டுத் தூக்கமில்லாத பெற்றோருக்காகவும், நம் சட்டங்களைச் செய்கிறவர்களுக்காகவும், திருக்குடும்பத்தின் காவலரான அர்ச். சூசையப்பரிடம் ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறைந்த மந்திரம் வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட பாரம் யாருக்காவது இருந்தால், என் அறைக்கு வரலாம். கதவைச் சாத்திக்கொண்டே பேசுவோம். இம்முறை நீங்கள் கேட்ட கேள்விக்கே விடை சொல்வேன்.

உங்கள் பங்குக் குரு